சயாம் மரண ரயிலும் நம் கடமையும்

(கிழக்கேகோட்டையில் நடைபெற்ற நமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலமை மிக்க பெரியோர் வீற்றிருக்கும் இவ்வவையில், ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கும் பேச இடம் தந்தீர்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. இருப்புப்பாதையை ஓரளவு அறிவேன். ஆகவே, தமிழர் உயிர்களைப் பலிகொண்ட ஓர் இருப்புப்பாதையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. செப்டம்பர் 2-இல் சரணாகதிப் பத்திரம் கையொப்பமாயிற்று. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தது. அப்போரில் மாண்ட தம்மவரை நினைவுகூர ஆஸ்திரேலியரும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இன்றும் கடல் கடந்து தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு வருகின்றனர். ஏப்ரல் 25-ஆம் நாள் விடியற்காலையில், ஹெல்ஃபயர் கணவாயில் ஆஸ்திரேலியர் கூடிநின்று அஞ்சலி செலுத்துகின்றனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. மகனோ பேரனோ வந்தால், வரிசை எண்ணைப் பார்த்து உரிய கல்லின் முன் மலர் சாத்தலாம்.

அங்கே அவர்கள் மாண்டது எதனால்? பர்மாவிலிருந்த தன் படைகளுக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாயிற்று. ஆகவே சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, மலையையும் காட்டையும் ஊடுருவி, 415 கிலோமீட்டர் பாதை போடத் துணிந்தது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17-இல் முடிந்தது. 1918-இல் கொல்லத்திலிருந்து நம் நகருக்கு வந்த பாதையைப் போல அதுவும் மீட்டர் கேஜ் பாதையே. மலாயாவில் பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அதற்குப் பயன்பட்டன.

போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கு உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு லட்சம். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர் ஆகியோருடன், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழரும் பெருந்தொகையினராய்க் கொண்டுசெல்லப்பட்டனர். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் கூலி அற்றுப்போயிருந்த காலம் அது. சில மாத வேலை, நல்ல கூலி என்ற வாக்கை நம்பிச் சென்றோர் பலர். பிடித்து ஏற்றப்பட்டோரும் பலர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாக மடிந்தனர். ஆசியத் தொழிலாளரில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர்.

‘மதிப்பிடுகின்றனர்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தவர் பெயரையும் நாளையும் மறைவாகக் குறித்து வைத்தனர். நம்மவர்க்குப் போதிய மருத்துவ வசதியும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. நம் ரயில்வேயில் ஒரு மூட்டை காணாமற்போனாலும் ரசீது எண்ணைக் கொண்டு விசாரணை நடக்கும். அம்மனிதர்களுக்கோ ஒரு மூட்டைக்குரிய மதிப்புக்கூடக் கிடைக்கவில்லை! போர் முடிந்த பின்பும் மலாயாவிற்குத் திரும்ப வழியின்றி 1946-ஆம் ஆண்டிலும் முகாம்களில் காத்திருந்தோர் உண்டு. கணவன் இருக்கின்றானா இறந்தானா என்றறியாமலே காலங்கழித்த பெண்களுக்குப் போர் என்று முடிந்தது என்று சொல்வது?

காஞ்சனபுரியிலுள்ள வாட் தாவோன் வராராம் என்னும் பௌத்த ஆலய வளாகத்தில் ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் ஒருசேரப் புதைக்கப்பட்டுள்ளன. அவ்விடத்தில் 2023-ஆம் ஆண்டு தமிழ்த் தொழிலாளர்க்கு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்தேனும் இது நிகழ்ந்தது நமக்கு ஆறுதல். ஆயினும் நடுகல்லில் மாண்டவன் பெயரையும் பெருமையையும் பொறிப்பதன்றோ நம் முன்னோர் மரபு? எந்தப் பெயரைப் பொறிப்பது?

அன்பர்களே! பாங்காக் நகரத்திற்கு உல்லாசப் பயணம் செல்வோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். அங்குத் தோன்புரி நிலையத்தில் வண்டி ஏறினால், அப்பழைய பாதையின்மீதே நாம் தோக் வரை செல்லலாம். வழியில் காஞ்சனபுரி வரும். ஒரு நாளை ஒதுக்கி, அந்நடுகல்லின் முன் ஒரு மாலை வைத்து வாருங்கள்.

புறப்படுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. மலாயாவிற்குப் போய்ச் செய்தியின்றி மறைந்தவர் நம் குடும்பங்களில் உண்டா என்று வீட்டு முதியோரைக் கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், வேலை செய்த தோட்டம், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அதற்கென நம் சங்கத்தில் ஒரு பதிவேடு வைப்போம்; எழுதும் பணியை நான் ஏற்றுக்கொள்கின்றேன். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும், அந்த ஒருவர் எண்ணிக்கையிலிருந்து மனிதராக மீள்வார்.

நாமும் பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களே. வந்த இடத்தில் நம்மைப் பெயர் சொல்லி அழைக்க நான்கு பேர் வேண்டும் என்பதற்காகவே இச்சங்கத்தை வளர்க்கின்றோம். அழைக்க ஒருவருமின்றிக் காட்டில் மாண்ட அம்மக்களுக்கும் நாம் அந்த நால்வராக இருப்போமாக!