பழி யாருக்கு?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு தொலைக்காட்சித் தொடர். ஆயினும் அத்தொடர் சொன்ன கதை நம் பாட்டிமார் சொல்லி நாம் கேட்ட கதையேயாதலால், மேடையின் மரபு கெட்டுவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

1985ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதால்' என்னும் இந்தித் தொடர் ஒளிபரப்பாயிற்று. வழங்கியவர் இராமானந்த் சாகர். அருண் கோவில் விக்கிரமனாகவும், சஜ்ஜன் வேதாளமாகவும் நடித்தனர். கரோல் பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் இருந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, பேச்சு இந்தியாயினும் கதை புதிதன்று. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழில், ஓவியர் சங்கர் தீட்டிய படத்தைப் பார்த்து வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. ஒரு தோளிலே பிணம், ஒரு கையிலே உருவிய வாள், சுற்றிலும் சுடுகாட்டு இருள். அந்தப் படத்தை மறந்தவர் நம்முள் இலர்.

கதையின் மூலம் மிகப் பழையது. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த சோமதேவர் தம் கதாசரித்சாகரத்தில் இவ்வேதாளக் கதைகளைத் தொகுத்து வைத்தார். அவற்றின் உயிர்ப்பொருள் ஒரே வினாதான்: நல்லவர் யார், தீயவர் யார்? அந்த வினாவை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கதையின் அமைப்பைப் பாருங்கள். அரசவைக்கு ஒரு துறவி நாள்தோறும் வருகிறான். அரசனுக்கு ஒரு பழம் தருகிறான். ஒன்றும் கேளாமல் போகிறான். ஒருநாள் ஒரு குரங்கு அப்பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து மாணிக்கம் உதிர்கிறது. இத்தகைய கொடையாளிக்கு என்ன செய்யலாம் என்று அரசன் கேட்க, சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டு வந்து தருமாறு துறவி வேண்டுகிறான். பிணத்திலோ வேதாளம் குடியிருக்கிறது. பார்ப்பவர் யாராயினும், துறவி நல்லவன், வேதாளம் பொல்லாதது என்றுதான் கணக்கிடுவர். ஆனால் முடிவில் தெரிவது என்ன? அரசனையே பலியிட்டு வல்லமை பெற எண்ணியவன் அத்துறவி. அதை வெளிப்படுத்தி அரசன் உயிரைக் காத்தது அவ்வேதாளம். காவியும் கமண்டலமும் ஒருவனுக்கு நற்சான்று ஆகா; கோர உருவம் ஒருவனுக்குக் குற்றப்பத்திரிகை ஆகாது. இது முதற்பாடம்.

அம்மட்டோடு கதை நின்றிருந்தால், வேடத்தை மாற்றிப் போட்டதோடு முடிந்திருக்கும். தீயவன் என்று எண்ணியவனை நல்லவன் என்றும், நல்லவனைத் தீயவன் என்றும் ஏட்டில் இடம் மாற்றி எழுதுவது எளிது. கதை அதற்கும் அப்பால் போகிறது. துறவி அரசனைத் தரையில் விழுந்து வணங்கச் சொல்கிறான். "வணங்கி எனக்குப் பழக்கமில்லை; எப்படி என்று காட்டுங்கள்" என்கிறான் அரசன். துறவி குனிகிறான், வாள் வீழ்கிறது. உயிருக்கு வந்த ஆபத்தைத் தடுக்கச் செய்தது என்பது உண்மை. அது சூழ்ச்சி என்பதும் உண்மை. வீரன் வென்றான் என்பதனால் சூழ்ச்சி வேறு பெயர் பெற்றுவிடுமா? கதை அதை ஒளிக்கவில்லை. கேட்பவர் தாமே எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

தமிழருக்கு இது புதிய துணிவு அன்று. மறைந்து நின்று அம்பு எய்த இராமனை, வீழ்ந்து கிடந்த வாலி நேர் நின்று வினவக் கம்பர் இடம் கொடுத்தார். காப்பியத் தலைவனைக் கேள்வி கேட்பதனால் காப்பியம் சிறுமை அடையாது என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றும் நம் பட்டிமன்றங்களில் அவ்வழக்கு முடிந்தபாடில்லை. 2017இல் புஷ்கரும் காயத்ரியும் இயக்கிய 'விக்ரம் வேதா' திரைப்படமும் இவ்வழி வந்ததே. காவல்துறை அதிகாரியாக மாதவனும், குற்றவாளியாக விஜய் சேதுபதியும் நடித்த அப்படத்தில், பிடிபட்டவன் கதை சொல்கிறான். பிடித்தவனுடைய மனத்தில் இருந்த கோடு சிறிது சிறிதாக அழிகிறது.

இனி, வேதாளம் சொன்ன கதைகளுள் ஒன்றைச் சொல்கிறேன். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

மனைவியை இழந்து துயருற்று அலைந்த ஒருவன், பசியோடு ஓர் ஊருக்கு வந்தான். ஓர் இல்லத்தரசி இரங்கி, நெய்யும் சர்க்கரையும் சேர்த்த சோறு தந்தாள். அவன் அதைக் குளக்கரையில் ஓர் ஆலமரத்தடியில் வைத்துவிட்டுக் கைகால் கழுவச் சென்றான். அவ்வேளையில் ஒரு பருந்து, பாம்பு ஒன்றைப் பற்றிக்கொண்டு வந்து அம்மரத்தில் அமர்ந்தது. பாம்பின் வாயிலிருந்து வடிந்த நஞ்சு சோற்றில் வீழ்ந்தது. அறியாமல் உண்டவன் துடித்தான். தள்ளாடிச் சென்று, "நீ இட்ட சோறு என்னைக் கொன்றது" என்று அப்பெண்ணிடம் சொல்லி இறந்தான். அவள் கணவன் ஒன்றும் ஆராயவில்லை. கொலைகாரி என்று அவளை வீட்டைவிட்டுத் துரத்தினான்.

வேதாளம் கேட்கிறது: பழி யாருக்கு? பாம்புக்கா, பருந்துக்கா, சோறிட்டவர்களுக்கா?

அரசன் விடை சொல்கிறான்: பகையின் பிடியில் இருந்த பாம்புக்குப் பழி இல்லை. தனக்கு இயற்கை விதித்த இரையைக் கொணர்ந்த பருந்துக்குப் பழி இல்லை. அறம் எண்ணிச் சோறிட்டவர்க்கும் பழி இல்லை. ஆராயாமல் இவர்களுள் ஒருவரைக் குற்றவாளி என்று எவன் சொல்கிறானோ, அவனுக்கே பழி.

அன்பர்களே, இவ்விடையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஓர் உயிர் போயிற்று. கொன்றவர் யாரும் இல்லை. ஆனால் 'கொன்றவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும்' என்ற அவசரத்தினால் குற்றமற்ற ஒரு பெண் தெருவில் நின்றாள். தீயவன் இல்லாத கதையில் தீயவனைத் தேடிப் படைப்பவனே அக்கதையின் தீயவன் ஆகிறான்.

இது சுடுகாட்டுக் கதை அன்று; காலனிக் கதை. நம் வீட்டில் ஒரு வளையல் காணாமற் போனால், முதலில் யார் முகம் நம் கண்முன் வருகிறது? காலையில் பாத்திரம் துலக்கிப் போன பெண்ணின் முகம் அல்லவா? மறுநாள் அவ்வளையல் பீரோவின் அடித்தட்டில் கிடைக்கலாம், அதற்குள் அவள் பெயர் நாலு வீட்டில் கெட்டிருக்கும், வேலையும் போயிருக்கும். வளையலைத் திரும்ப எடுத்து அணியலாம். அவள் மானத்தை எந்தத் தட்டிலிருந்து எடுப்பது?

இந்நகருக்கு வந்த நம் முன்னோரை 'மதராஸி' என்னும் ஒரே சொல்லில் அடக்கியவர்கள் உண்டு. அச்சொல்லின் சுருக்கை அறிந்தவர்கள் நாம். அவ்வாறிருக்க, நமக்குப் பின் பிழைப்புத் தேடி வந்தவனை அவன் மாநிலத்தின் பெயராலேயே சந்தேகிப்பது நமக்குத் தகுமா?

ஆண்டுதோறும் தசராவில் இராமலீலா மைதானத்தில் மூன்று உருவங்கள் எரிவதைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். நடுவில் இராவணன், உடன் மேகநாதன், கும்பகர்ணன். இதே தலைநகரை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் பிஸ்ரக் என்னும் ஊரார், இராவணன் பிறந்தது தம் ஊரிலே என்று சொல்லி அவ்வுருவத்தை எரிப்பதில்லை. ஒரே நாளில், ஒரு பக்கம் வெடி முழக்கம், மறுபக்கம் மௌனம். விழாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கும்பகர்ணன் எரியும்போது, அருகில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லுங்கள். பிறன் மனைவியைக் கவர்ந்தது தவறு என்று அண்ணன் முகத்துக்கு எதிரே இடித்துரைத்தவன் அவன். பின்பு அதே அண்ணனுக்காகப் போர்க்களத்தில் மாண்டவனும் அவனே. அவன் செய்தது நன்றியா, பிழையா என்று பிள்ளை கேட்கட்டும். கேட்கும் பிள்ளை கெட்டுப்போகாது.

அப்படியானால் குற்றமே இல்லை, எல்லாரும் நல்லவரே என்று சொல்லிவிடலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். கூடாது. பலியிட நினைத்த துறவி குற்றவாளியே. சீதையைச் சிறை வைத்தது கொடுமையே. ஒருவனுடைய நிலையை உணர்வது வேறு. அவன் செயலுக்கு வக்காலத்து வாங்குவது வேறு. குணத்தையும் குற்றத்தையும் இரு தட்டிலும் இட்டு நிறுக்கச் சொன்ன வள்ளுவர், தராசைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

வேதாளம் விதித்த நிபந்தனை இதற்கே வழிகாட்டுகிறது. விடை தெரிந்தும் சொல்லாதிருந்தால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். உண்மை சொன்னால் அதுவரை நடந்த நடை வீண். மீண்டும் முதலிலிருந்து நடக்க வேண்டும். ஆயினும் விக்கிரமன் ஒவ்வொரு முறையும் சொன்னான். ஒவ்வொரு முறையும் நடந்தான். அடுத்த வீட்டுப் பணிப்பெண் களவாடவில்லை என்று நமக்குத் தெரியுமானால், வாய் மூடி இருப்பது நம் தலைக்கு ஆபத்து. சொன்னால் அண்டை வீட்டாரின் நட்பு ஒரு மாதம் முறியலாம். அந்த நடையை நடந்துதான் ஆகவேண்டும்.

கடைசிக் கதையில் உறவுமுறைச் சிக்கல் ஒன்றைச் சொல்லி வேதாளம் கேட்க, அரசனுக்கு விடை தெரியவில்லை. ஊகித்து ஒன்றைச் சொல்லியிருக்கலாம், அவன் சொல்லவில்லை. மௌனமாக நடந்தான். அந்த மௌனத்தைக் கண்டு மகிழ்ந்துதான் வேதாளம் துறவியின் வஞ்சத்தை வெளியிட்டு அவனைக் காத்தது. தெரிந்தபோது பேசிய நா, தெரியாதபோது அடங்கிற்று. அவனை வீரன் என்று நான் மதிப்பது அதற்காகவே, வாளுக்காக அன்று.

நம் பிள்ளைகள் திரையில் எத்தனையோ வீரரையும் வில்லனையும் காணப்போகிறார்கள். அவர்களோடு அமர்ந்து பாருங்கள். 'இவன் நல்லவனா, கெட்டவனா?' என்று பிள்ளை கேட்டால், 'அவன் என்ன செய்தான், ஏன் செய்தான், யாருக்கு நோவு உண்டாயிற்று?' என்று திருப்பிக் கேளுங்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாளை ஒரு பெண்ணை விசாரணையின்றி வாசலில் நிறுத்தாது.