மேடையும் திரையும்: ஆர். நாகேந்திர ராவ்

பெங்களூரில் குடியேறிய தமிழர்களுள் நகரச் சந்தையை அறியாதவர் இருக்க மாட்டார். பூ வாங்கவும், காய்கறி வாங்கவும், ஊருக்குப் பேருந்து பிடிக்கவும் அந்த வட்டாரத்திற்கு நாம் அடிக்கடி சென்று வருகிறோம். அதன் அருகே முன்னாளில் பாரமவுண்ட் என்று ஒரு கொட்டகை இருந்தது. 1934-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி 'சதி சுலோசனா' என்னும் படம் அங்கே திரையிடப்பட்டது. முதன்முதலாக வெளியான கன்னடப் பேசும் படம் அதுவே. அந்த நாளையே கன்னடத் திரையுலகம் தன் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடி வருகிறது. அப்படத்தில் இராவணனாகத் தோன்றியவர் ஆர். நாகேந்திர ராவ். அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கன்னட நடிகர் ஒருவரைப் பற்றித் தமிழ் நேயர்களிடம் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அவரைப் பற்றிய நினைவில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அது எத்தகைய பங்கு என்பது பேச்சின் முடிவில் விளங்கும்.

நாகேந்திர ராவ் 1896-ஆம் ஆண்டு சித்திரதுர்க்கத்தை அடுத்த ஹொளல்கெரெயில் பிறந்தவர். அவர் வளர்ந்த காலம் நாடகக் கம்பெனிகளின் காலம். தமிழ்நாட்டில் 'பாய்ஸ் கம்பெனி'கள் ஊர் ஊராகச் சென்று முகாமிட்டதைப் போலவே, மைசூர் இராச்சியத்திலும் கம்பெனிகள் கொட்டகை போட்டு மாதக் கணக்கில் நாடகம் நடத்தின. ஒலிபெருக்கி இல்லாத நாட்கள் அவை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். பாட்டு வந்தால் ஆர்மோனியத்தை மீறிக் குரல் எழும்ப வேண்டும். இன்று அரசனாக வேடம் கட்டியவன் நாளை அசுரனாக வேண்டும். மறுநாள் முனிவனாக வேண்டும். ஒருவனே பல மனிதனாகும் வித்தையை நடிகனுக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அது.

மைசூரில் எம். வி. சுப்பையா நாயுடுவும் நாகேந்திர ராவும் சாகித்திய சாம்ராஜ்ய நாடக மண்டலியில் இணைந்து பணியாற்றினர். நாயுடு கதாநாயகராக ஒளிர்ந்தார். நாகேந்திர ராவ் அவருக்கு ஈடுகொடுத்து எதிர்நிற்கும் பாத்திரங்களை ஏற்றார். இந்த இருவரின் நட்பே கன்னடத் திரைக்கு அடித்தளம் என்று சொன்னால் அது மிகையாகாது.

'சதி சுலோசனா'வை எடுத்தவர் சமன்லால் டூங்காஜி என்ற வணிகர். இயக்கியவர் ஒய். வி. ராவ். வசனமும் பாடலும் எழுதியவர் பெள்ளாவெ நரஹரி சாஸ்திரி. இந்திரஜித்தாக நாயுடு; சுலோசனையாகத் திரிபுராம்பா; இராவணனாக நாகேந்திர ராவ். அந்நாளில் மைசூர் இராச்சியத்தில் வசதியான ஸ்டூடியோ இல்லாமையால் எல்லோரும் மராட்டிய நாட்டுக் கோலாப்பூருக்குச் சென்றனர். ஏறத்தாழ இரண்டு மாதத்தில், சுமார் 40,000 ரூபாய்ச் செலவில் படம் முடிந்தது. அந்த நாளில் பின்னணிப் பாடல் என்ற வசதி கிடையாது. காமிரா ஓடும்போதே நடிகன் பேசவும் பாடவும் வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் அருகிலேயே அமர்ந்து வாசிக்க வேண்டும். பாட்டும், மனப்பாடமும், நடிப்பும் ஒருங்கே வாய்ந்தவர்கள் நாடக மேடையில்தான் கிடைத்தார்கள். ஆகவே பேசும் படம் மேடைக்காரர்களைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

ஆயினும் மேடையில் பழகிய நடிகனுக்குத் திரை வேறொரு சோதனையை வைத்தது. கடைசி வரிசையை எட்டுவதற்காக வளர்த்த குரல், கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஒலிவாங்கிக்கு மிகுதியாகிவிடும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்காக வீசிய கை, அண்மைக் காட்சியில் கேலிக்கூத்தாகிவிடும். மேடையில் புகழ்பெற்ற எத்தனையோ பேர் இந்தச் சோதனையில் தேறாமல் மறைந்தனர். நாகேந்திர ராவோ முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் திரையில் நிலைத்து நின்றார். கதாநாயகனாகத்தான் நிற்பேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்காததும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாயகனுக்கு இளமை போனால் வேடமும் போகும். குணசித்திர நடிகனுக்கோ வயது ஏற ஏற வேடங்கள் பெருகும்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு நெருக்கமான செய்தி. கன்னட மேடையில் புகழ்பெற்ற 'பூகைலாஸ்' நாடகத்தை, காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் சென்னையில் தெலுங்குப் படமாக எடுத்தார். அதை இயக்கிய சுந்தர் ராவ் நட்கர்ணி மங்களூர்க்காரர். அப்படம் 1940-இல் வெளியாயிற்று. முன்பு இராவணனுக்கு மகனாக நடித்த நாயுடு இதில் தாமே இராவணனானார். முன்பு இராவணனாக நடித்த நாகேந்திர ராவ், இராவணனை ஏமாற்றும் நாரதரானார். கம்பெனிப் பயிற்சி என்றால் என்ன என்பதற்கு இந்த மாற்றமே போதிய விளக்கம். மறு ஆண்டில் அதே செட்டியாரின் 'வசந்தசேனா' என்னும் கன்னடப் படத்தில், 'மிருச்சகடிகம்' கண்ட சகாரனாக நாகேந்திர ராவ் தோன்றினார். அவன் அரசனின் மைத்துனன். கொடியவனும் அவனே, கோமாளியும் அவனே. பார்ப்பவரைச் சிரிக்கவும் அஞ்சவும் ஒருசேரச் செய்ய வேண்டிய வேடம் அது.

1943-இல் நாகேந்திர ராவே இயக்கிய 'சத்திய ஹரிச்சந்திரா' வெளிவந்தது. செட்டியார் அந்தக் கன்னடப் படத்திற்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944-இல் 'ஹரிச்சந்திரா' என்று வெளியிட்டார். இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதைக் குறிப்பிடுவர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. தமிழும் கன்னடமும் உடன்பிறப்புகள். வாக்கிய அமைப்பும் ஒன்றே. ஆனால் நாம் 'பால்' என்பதைக் கன்னடர் 'ஹாலு' என்கிறார்கள்; நாம் 'போகிறேன்' என்னுமிடத்தில் அவர்கள் 'ஹோகுத்தேனெ' என்கிறார்கள். பகரத்திற்கு உதடு மூடும், ஹகரத்திற்கு மூடாது. திரையில் உதடு திறந்திருக்கும்போது காதில் பகரம் விழுந்தால் குழந்தைக்கும் பொய் தெரிந்துவிடும். எனவே பொருளைக் காப்பதோடு உதட்டையும் காத்துச் சொல் தேட வேண்டியதாயிற்று. காகிதத்தில் மொழிபெயர்ப்பவனுக்கு இல்லாத தொல்லை அது.

1949-ஆம் ஆண்டு ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' வெளிவந்தது. விஜயன், விக்கிரமன் என்ற இரட்டையராக எம். கே. ராதா, அவர்கள் குடும்பத்தை அழித்த மார்த்தாண்டனாக நாகேந்திர ராவ், காஞ்சனையாக பானுமதி. எம். கே. ராதா, நாடகாசிரியர் கந்தசாமி முதலியாரின் புதல்வர். தமிழ் மேடையில் வளர்ந்தவர். நாகேந்திர ராவ் கன்னட மேடையில் வளர்ந்தவர். இரண்டு மேடைகள் ஒரே திரையில் எதிர்நின்று மோதிய படம் என்று அதைச் சொல்லலாம். இரண்டு நாயகர்களுக்கு எதிரே ஒரே பகைவன். அவன் கனம் குறைந்தால் கதையே சாய்ந்துவிடும்.

1953-இல் அவர் 'ஜாதகபல' என்னும் கன்னடப் படத்தையும், அதே கதையைத் தமிழில் 'ஜாதகம்' என்றும் எடுத்தார். பி. பி. ஸ்ரீநிவாஸ் கன்னடத்திலும் தமிழிலும் திரைப்பாடகராக அறிமுகமானது இப்படங்களில்தான். பின்னாளில் ராஜ்குமாருக்கும் ஜெமினி கணேசனுக்கும் குரலாக விளங்கியவரை இரு மொழிக்கும் அளித்த பெருமை நாகேந்திர ராவைச் சேரும். 1957-இல் வந்த அவருடைய 'பிரேமத புத்ரி' சிறந்த கன்னடப் படத்திற்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. 1968-இல், எழுபதைக் கடந்த வயதில், திரிவேணியின் நாவலைத் தழுவிய 'ஹண்ணெலெ சிகுரிதாக' படத்தில் ராஜ்குமார், கல்பனா ஆகியோருடன் குடும்பப் பெரியவராக நடித்தார். 1977-இல் காலமானார். அவருடைய புதல்வர்கள் ஒருவர் ஒளிப்பதிவாளராகவும், ஒருவர் பாடலாசிரியராகவும், ஒருவர் நடிகராகவும் விளங்கினர்.

இனி, தொடக்கத்தில் சொன்ன பங்கிற்கு வருகிறேன். 'சதி சுலோசனா'வின் பிரதி இன்று எங்கும் கிடைப்பதில்லை. 1931-இல் வந்த நம் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்திற்கும் அதே கதிதான். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். தீக்குத் தப்பினாலும் தானே சிதைந்து பொடியாகும். ஓடி முடிந்த படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற நினைவும் அன்று எவருக்கும் எழவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் நிறுவப்பட்டது. 'சதி சுலோசனா' வெளிவந்து அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே கன்னடம் தன் முதல் பேசும் படத்து இராவணனை மீண்டும் காண முடியாது. ஆனால் அதே மனிதரை, அவருடைய கலை முதிர்ந்த பருவத்தில், தமிழ்ப் படம் ஒன்று காப்பாற்றி வைத்திருக்கிறது. 'அபூர்வ சகோதரர்கள்' இன்றும் காணக் கிடைக்கிறது.

பிழைப்பைத் தேடி அயல் மாநிலம் வந்த நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அயல் மொழிக்குள் சென்று உழைத்ததனால் நாகேந்திர ராவ் தம் மொழியை இழந்துவிடவில்லை. அயல் மொழிக்கு அவர் அளித்த உழைப்பே இன்று அவர் மொழியாருக்கு ஒரு சேமிப்பாக நிற்கிறது. நாமும் இந்த நகரத்தில் அவ்வாறு எதையாவது காத்துக் கொடுக்கலாம். உங்கள் கன்னட அண்டைவீட்டார் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்கு அழையுங்கள். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தைப் போட்டு, மார்த்தாண்டன் வரும்போது, "இவர் உங்கள் முதல் இராவணன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பின் அந்த வீட்டிற்கும் உங்கள் வீட்டிற்கும் இடையே பேசப் புதிதாக ஒன்று இருக்கும்.