காப்பி குடிச்சா பசி தீருமா?

(கோவில்பட்டி வட்டாரக் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



"ஒரு வேளைதான் சாப்பிடுறேன், உடம்பு மட்டும் ஏறுதே, ஏன்க்கா?" என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். வெறும் வயிற்றில் காப்பி குடித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடுவேன். பசிக்கும்போதெல்லாம் இன்னொரு டம்ளர்.

காப்பித்தூள் சதை போடாது. சீனிதான் போடும். டம்ளருக்கு 2 ஸ்பூன் என்றால் 5 டம்ளருக்கு 10 ஸ்பூன். 40 கிராமுக்கு மேல். நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. கருப்பட்டிக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது கவலை. தவணை நாள் நெருங்கினால் நெஞ்சு படபடக்குதே, அப்போது கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் கூடும். கவலை நாள்கணக்கில் நீடித்தால் அது பசியைக் கிளப்பும், இனிப்பைத் தேட வைக்கும், வயிற்றில் சதை சேர்க்கும். காப்பியும் அதைக் கொஞ்சம் கூட்டும். சாயங்காலக் காப்பி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி அதிகம்.

காப்பியை விடச் சொல்லலை. முதலில் நம்ம கரிசக்காட்டுக் கம்மங்கூழோ பழைய சோறோ சாப்பிடுங்க. ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி. நாளைக்கு 2 டம்ளர், அரை ஸ்பூன் சீனி, மத்தியானத்துக்கு மேல் வேண்டாம். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பாருங்க.

தவணைக் கவலையை மனசுக்குள் பூட்டி வைக்காதீங்க. குழுவில் சொல்லுங்க. அதுக்குத்தானே வாரா வாரம் ஒண்ணா உட்காருறோம்?