பிள்ளைக்கு எப்போது சொல்வது?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி)



ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் உங்கள் சபைகளில் பிள்ளைகளைத் தத்தெடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளைக்கு எப்போது சொல்வது?" என்பதுதான். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்பார் ஒருவர். கல்யாணத்துக்கு முன் சொல்லிக்கொள்ளலாம் என்பார் மற்றொருவர்.

குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலேயே தொடங்குங்கள் என்பதே எங்கள் பதில். கைக்குழந்தைக்கு என்ன புரியும் என்கிறீர்களா? முதலில் பெற்றோரின் நாக்குப் பழக வேண்டுமே! குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் "தத்து" என்ற சொல் வீட்டில் சந்தோஷமாகப் புழங்கட்டும். இல்லாவிட்டால் ஒரு கல்யாண வீட்டிலோ பள்ளிக்கூட வேனிலோ வேறொருவர் சொல்லிவிடுவார். ஊர் வாயை யாரால் மூட முடியும்? அப்பாவும் அம்மாவும் இத்தனை நாள் மறைத்தார்களே என்பதுதான் அன்று பிள்ளையை அதிகமாக நோகடிக்கும்.

மூன்று, நான்கு வயதில் கேள்வி வரும். "நான் உங்க வயித்துலயாம்மா இருந்தேன்?"

"இல்லடா கண்ணு. இன்னொரு அம்மா வயித்துல இருந்த. அவங்களால அப்போ ஒரு குழந்தையை வளர்க்க முடியல. அது உன் தப்பு இல்ல. நாங்க ஒரு பிள்ளைக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தோம். நீ வந்த. இனி எப்பவும் நீ எங்க பிள்ளைதான்."

இவ்வளவு போதும். கேட்டுவிட்டு விளையாடப் போய்விடும். மறுவாரம் மறுபடி கேட்கும், மறுபடி சொல்லுங்கள்.

சிறு பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "உன்மேல் ரொம்பப் பிரியம் வைத்ததால்தான் அந்த அம்மா கொடுத்தார்கள்" என்றால், பிரியம் வைத்திருக்கிற நீங்களும் ஒரு நாள் கொடுத்துவிடுவீர்களோ என்று பயப்படும். "தேவன் உன்னை அவர்களிடமிருந்து எடுத்து எங்களுக்குத் தந்தார்" என்று சாட்சி சொல்லும் பாணியில் சொன்னால், தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குகிறவரிடம் அது எப்படி ஜெபிக்கும்? பிள்ளை கர்த்தருடைய ஈவு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்தத் தாயின் கண்ணீரையும் அவர் காண்கிறார் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தில் மோசேயைப் பெற்றவள் ஒருத்தி, பேரிட்டு வளர்த்தவள் ஒருத்தி. பெற்றவளை வேதம் ஓரிடத்திலும் குற்றப்படுத்தவில்லை. அவனை மூன்று மாதம் ஒளித்துவைத்ததை எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாசமாக எண்ணுகிறது. நம் ஜனங்களோ "பெத்துப் போட்டுட்டுப் போனவ" என்று பிள்ளையின் காதுபடவே பேசுகிறார்கள். தெரியாததைக் கதையாகக் கட்டவும் வேண்டாம். "எங்களுக்குத் தெரியாதும்மா" என்பதும் உண்மையான பதில்தான்.

நம்மவர்கள் மறைத்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் என்ற பெயர்தான் கிடைக்கும்; பிள்ளை மேஜரானதும் அதுவும் முடிந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகே மதம் பாராமல் முழு உரிமையுள்ள பிள்ளையாக்கிக்கொள்ள வழி பிறந்தது. பவுல் அப்போஸ்தலன் புத்திரசுவிகாரத்தையும் சுதந்தரத்தையும் ரோமருக்கு ஒரே அதிகாரத்தில் எழுதிவிட்டார். சட்டம் அங்கே வந்துசேர இவ்வளவு காலமாயிற்று!

இன்றும் பிரசவ வார்டு வாசலில், "சிஸ்டர், வேண்டாத பிள்ளை ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. எங்களால் முடியாது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளையைக் குழந்தைகள் நலக்குழுவிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள, பெற்றவர்களுக்கு 60 நாட்கள் உண்டு. காத்திருப்பது கடினம்தான். ஆனால் பிற்பாடு, "உன்னை யாரும் விற்கவுமில்லை, பறிக்கவுமில்லை" என்று பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்லலாம்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். "நீ யார் ஜாடை?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். குடும்ப மரம் வரையச் சொல்லும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். மோசேயின் பாடம் எந்த வாரம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று இரவு வீட்டில் கேள்வி வரும்.