பற்றுச்சீட்டு இல்லாத வெற்றி



ரூ பஜோல் பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதும்போது நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: ‘துண்டை எறியாதேங்கோ.’ அதை என் சொந்த வீட்டு விடயத்தில் நானே மறந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் இளைய மகன் விசேட தேவையுள்ள பிள்ளை. வகுப்பில் அவனுக்கு ஓர் உதவியாளர் வேண்டுமென்று கேட்டோம். 2022இல் மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்து, 2024இல் நீதிமன்றத்தில் வென்றோம். சட்டத்தரணிக்குக் கொடுத்தது 1,500 யூரோ. எதிர்த்தரப்பு தரவேண்டுமென்று நீதிபதி சொன்னது 1,000. கடிதம் எழுதித் தந்தவருக்கும் உளவியல் பரிசோதனைக்கும் கையில் கொடுத்த 700 யூரோவை நாங்கள் கேட்கவே முடியவில்லை. பற்றுச்சீட்டு இல்லை!

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2005 பெப்ரவரி 11ஆம் திகதிச் சட்டத்தின்படி இந்த முடிவுகளை எடுப்பது எம்.டே.பே.ஆஷ். அலுவலகத்தில் கூடும் ஆணைக்குழு. முடிவு பிடிக்காவிட்டால் நேரே நீதிமன்றம் போக முடியாது. 2019இலிருந்து, கடிதம் கிடைத்து இரண்டு மாதத்துக்குள் அதே அலுவலகத்துக்கு ‘ராப்போ’ என்ற மறுபரிசீலனை மனு கட்டாயம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு மாதம் பதில் வராவிட்டால் மறுப்பு என்றே பொருள். அதன்பின் திரிபுனால் ஜூடிசியேரின் சமூகப் பிரிவுக்குப் போக மேலும் இரண்டு மாதம் உண்டு.

ராப்போவிலேயே விடயம் முடிந்தால் தீர்ப்பில்லை. செலவைத் தரச்சொல்ல நீதிபதியும் இல்லை. ஆகவே அந்தக் கட்டத்தில் காசை இறைக்காதீர்கள். சமூகப் பிரிவிலும் சட்டத்தரணி கட்டாயமில்லை. மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று உங்களுக்காக வரலாம்.

வழக்கில் வென்றால் இரண்டு கணக்கு. ஒன்று, ‘தெப்பான்’ எனும் நீதிமன்றச் செலவு. வழமையாகத் தோற்றவர் கட்டுவார். மற்றது குடியியல் நடைமுறைக் கோவையின் 700ஆம் பிரிவு: சட்டத்தரணிக் கட்டணம், நீங்கள் செய்வித்த பரிசோதனை, பயணச் செலவு. இதை நீங்கள் கேட்க வேண்டும்; மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. நியாயத்தையும் தோற்றவரின் வசதியையும் பார்த்து நீதிபதி தொகையைத் தீர்மானிப்பார். முழுதும் கிடைக்குமென்று நம்பாதீர்கள். கேட்கும் தொகைக்கு ஆதாரம் கொடுக்கலாமென்று 2022இல் அந்தப் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். இன்னொன்று: நீங்கள் தோற்றால் மறுபக்கமும் இதே பிரிவில் உங்களிடம் கேட்கலாம்.

உதவியாளரைத் தர முடிவாகியும் ஆள் வரவில்லையா? அது வேறு வழக்கு, நிர்வாக நீதிமன்றத்துக்குரியது. அங்கே செலவு கேட்பது நிர்வாக நீதிக் கோவையின் எல்.761-1ஆம் பிரிவில்.

லண்டன் உறவினர் சொல்வதை இங்கே பொருத்தாதீர்கள். இங்கிலாந்தின் விசேட கல்வித் தீர்ப்பாயத்தில், மறுபக்கம் நியாயமற்று நடந்தாலொழிய, அவரவர் செலவு அவரவருக்கு.

செலவழிக்க முன் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் ‘புரொதெக்சியோன் ஜூரிதிக்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வருமானம் குறைந்தவர்கள் அரச சட்ட உதவிக்கு வழக்குக்கு முன்போ வழக்கு நடக்கும்போதோ விண்ணப்பிக்கலாம், முடிந்தபின் முடியாது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 3039 இலக்கத்துக்கு இலவசமாக அழையுங்கள்.

பரிசோதனைப் பற்றுச்சீட்டை இன்னோர் இடத்திலும் காட்டலாம்: பிள்ளையின் கல்விக் கொடுப்பனவுக்கு மேலதிகத் தொகை கேட்கும்போது.

இன்று எங்கள் வீட்டில் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது. பேருந்துச் சீட்டுக்கூட அதற்குள் போகும். ஆனால் உதவியாளர் இல்லாமல் என் மகன் வகுப்பில் கடத்திய அந்த இரண்டு வருடத்துக்கு 700ஆம் பிரிவில் இடமில்லை. அதனால்தான் சொல்கிறேன்: கடிதம் வந்த அன்றே திகதியைக் குறித்து வையுங்கள்.