முகத்துவாரத்தில் ஒரு போட்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உலகச் சுற்றுலா அமைப்பு 2021-இல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. முதல் ஆண்டே தெலங்கானாவின் போச்சம்பள்ளி தேறிவிட்டது. 1951-இல் வினோபா பாவேக்கு முதல் பூமிதானம் கிடைத்த ஊர். நூலுக்கு முதலில் சாயமேற்றி, பிறகு தறியில் கோலம் வரவழைக்கிற இக்கத் நெசவும் அங்கே பேர் பெற்றது. நம் மத்திய சுற்றுலா அமைச்சகமும் 2023-இல் இதேபோல் கிராமங்களுக்குப் போட்டி வைத்தது.

எண்ணூருக்கும் ஏதாவது செய்யலாமே என்றேன். என்னோடு ஷிப்ட் பார்க்கும் நண்பர் சிரித்தார். "யாரு சார் வருவாங்க? சிம்னியையும் சாம்பலையும் பார்க்கவா?" எனக்குப் பதில் வரவில்லை. நானும் அந்தச் சிம்னியை நம்பிச் சோறு தின்கிறவன்தானே!

சுத்தத்துக்கு மார்க் போட்டால் எண்ணூர் முதல் சுற்றிலேயே அவுட். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் பரவி வலையும் படகும் பாழாயின. அது குப்பத்துக்காரர்கள் கொட்டிய எண்ணெயா?

அவர்களிடம் இருப்பது வேறு. பாடு முறை என்று ஒன்று. ஆற்றில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ள முடியாது. பக்கத்திலேயே வேலை பார்த்தும் காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடந்தால் கரையில் கூட்டம் கூடும். எஞ்சின் வந்த பின்னும் பாய் கட்டும் கை அங்கே மறக்கவில்லை. நாம் வைக்க நினைப்பது சிறிய போட்டிதான். வலை வீசுதல், வலை பின்னுதல், மீன் பெயர் சொல்லுதல், இறால் குழம்பு. நடுவர்கள் குப்பத்துப் பெரியவர்களும் பெண்களும். நம் மாணவர்கள் போட்டியில் இறங்கித் தோற்கட்டும். பார்க்க வருகிறவர்கள் எண்ணெய்க் கறையையும் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே.

இதைச் சொன்னதும் பெரியவர் ஒரே நிபந்தனை போட்டார். "வைங்க தம்பி. எங்க பாடு நாள்ல மட்டும் வைக்காதீங்க. அன்னிக்குப் பொழைப்பு போயிடும்."

ஆகவே தேதியை அவர்கள்தான் சொல்வார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பார்க்கலாம்.