பி.ஏ. ஆங்கிலத்துக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்?



ஆங்கில இலக்கியம் படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்று வாசகர் வட்டத்தில் பேசச் சொன்னார்கள். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கி வேலைக்குப் போனவன். கல்விக்கடன் மேசையில் உட்கார்ந்தவன். அதனால் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன், வாசகர் வட்டம் கோபிக்கக் கூடாது. சம்பளம் அப்புறம். முதலில் கடன்.

கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கு 3 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம். படிக்கும்போதும், முடித்து ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை. உடனே நம் ஆட்கள், "வட்டியும் கிடையாதாம்" என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். வட்டி அது பாட்டுக்கு ஓடும். முதல் லட்சத்துக்கு நாலு வருஷ வட்டி 40 ஆயிரம், இரண்டாவது லட்சத்துக்கு 30, மூன்றாவதுக்கு 20. தவணை தொடங்குகிற அன்றைக்கே பாக்கி 3 லட்சத்து 90 ஆயிரம். ஐந்து வருஷத்தில் அடைக்கப் பார்த்தால் மாதம் 8,300 ரூபாய். பத்து வருஷம் என்றால் மாதம் 5,150தான். ஆனால் கட்டி முடிக்கும்போது 6 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இதில் ஆங்கிலப் பட்டதாரிக்கு இன்னொரு சிக்கல். பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். வேண்டும். 2015இலிருந்து அது இரண்டு வருஷப் படிப்பு. ஆக மொத்தம் ஐந்து வருஷம். வங்கி கொடுத்த அவகாசம் நாலு வருஷம். பிள்ளை பி.எட். இரண்டாம் வருஷம் படிக்கும்போதே முதல் தவணை வந்து நிற்கும். மேலே படிப்பதைக் காட்டித் தவணையைத் தள்ளிப்போடக் கேட்கலாம், வட்டியைத் தள்ளிப்போட முடியாது. அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார். தவணை தவறினால் அவர் பெயரும் சேர்ந்துதான் சிபில் கடன் பதிவில் ஏறும். பிறகு அவர் வீட்டுக்கடன் கேட்டுப் போய் நிற்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுகிற திட்டம் 2009இல் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் மட்டும் என்று எழுதிவிட்டார்கள். பி.ஏ. படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. ஏன் இல்லை என்று எனக்கு மேலிருந்த யாரும் சொன்னதில்லை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. தேர்வுப் பணமும் சில்லறைக் கட்டணங்களும்தான். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணாக இருந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன். ஒரே பல்கலைக்கழகத்தில் இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் என்றால் பாடமும் ஒன்று, வினாத்தாளும் ஒன்று. ஒருத்தி மூன்று வருஷத்தில் 36 ஆயிரம் கையில் வாங்கிப் படித்து முடிக்கிறாள், இன்னொருத்தி 4 லட்சம் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறாள். இரண்டு பேர் வாங்கியதும் பி.ஏ. ஆங்கிலம்தான்.

சரி, சம்பளம். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் என்றால் அடிப்படைச் சம்பளமே 36 ஆயிரத்துக்கு மேல். அதற்குத் தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு, காத்திருப்பு. சின்ன ஊர்த் தனியார் பள்ளியில் தொடக்கத்தில் பத்து, பன்னிரண்டாயிரம் தருகிறார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மாவைக் கேளுங்கள். அதிலிருந்து 8,300 போனால் என்ன மிஞ்சும்? வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் எந்தப் பட்டமும் போதும். நான் அப்படிப் போனவன். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிழை திருத்தும் வேலை சென்னையில் நிறைய இருந்தது. இனி அதில் கணினியின் பங்கு கூடும்.

இலக்கியத்தைக் காசால் எடைபோடலாமா என்று இங்கே ஒரு தம்பி முகம் சுளிப்பது தெரிகிறது. அவருக்காகச் சொல்கிறேன். ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர், மதுரை தியாகராசர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து 1967இல் நூலாக்கியவர் அவர்தான். அப்படி ஒருவர் இந்த ஊரிலிருந்தும் வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் மேலாளர் முன்னால் ராமானுஜனைக் காட்டிக் கடன் கேட்காதீர்கள். தவணைத் தேதியில் அவர் வந்து கட்ட மாட்டார்.

அரசையும் கேட்க வேண்டியிருக்கிறது. மேலே படித்துக் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50 ஆயிரம் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் அது 20 ஆயிரமாக இருந்து, பிறகு 25 ஆயிரமாகத்தான் ஏறியது. எம்.ஏ., நெட், பிஎச்.டி. எல்லாம் முடித்தவருக்கு!

ஆகவே இரண்டு கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி வந்திருக்கிறோம். வட்டி மானியம் கலைப் படிப்புகளுக்கும் வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு சொன்ன தொகை வேண்டும். தாள் வட்டத்தின் செயலாளரிடம் இருக்கிறது. சுண்டல் வாங்கப் போகும் வழியில்தான் மேசை போட்டிருக்கிறார்; கையெழுத்தைப் போட்டுவிட்டு வரிசைக்குப் போங்கள்.